சுரப்பு

கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகும் சுகிர்தாவுக்கு அது சரியாக விழுந்ததா என்று சந்தேகம். எழுந்து போய் இழுத்துப் பார்த்தாள், விழுந்துதான் இருந்தது. நான்காம் மாடியில் இந்த அறைக்குத் தாய்மார் அறை என்று இளஞ்சிவப்பு எழுத்தில் பெயர் ஒட்டியிருந்தார்கள், பக்கத்தில் ஒரு குழந்தையின் பாதம், ஆனால் அவள் பிரசவ விடுப்பில் போவதற்கு முன்னால் இது பழைய மானிட்டர்களையும் கால் உடைந்த நாற்காலிகளையும் போட்டு வைக்கிற அறை, அந்தப் புழுதி வாடை இன்னும் போகவில்லை. ஒரு சோபா, ஒரு ஸ்டூல், ஒரே ஒரு பிளக். பால் எடுக்கிற மெஷினை ஸ்டூலில் வைத்து, குழாயைச் செருகி, குர்தாவை விலக்கி இரண்டு புனலையும் பொருத்திக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். உஸ், டக். உஸ், டக். இந்தச் சத்தம் சும்மா இருக்காது, தினமும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும், போன வாரம் முழுக்கப் போதும் போதும் என்றது, இன்றைக்கு யாரு அவ, யாரு அவ என்கிறது. பாட்டிலைப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. பார்க்காதே, பார்த்தால் வராது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள், மனசை லேசாக வெச்சுக்கோங்க மேடம் என்று, என்னவோ மனசு கைப்பைக்குள் கிடப்பது போலவும் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடலாம் என்பது போலவும். சுவருக்கு அந்தப் பக்கம், விடுப்பில் இருந்தபோது இவள் வேலையைப் பார்த்த மாளவிகா சிரித்தாள். அட்டை மாதிரியான சுவர், அந்தப் பக்கம் மீட்டிங் அறை, நாற்காலி நகர்வதுகூடக் கேட்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அங்கே வாடிக்கையாளர்கள் வந்து உட்காருவார்கள், மாளவிகா எழுந்து நின்று பேசுவாள், சுகிர்தா மூன்று வருஷமாக ராப்பகலாகக் கட்டிய மென்பொருளைத் தான் வளர்த்ததாகக் காட்டுவாள், காட்டட்டுமே, அவள் கையில்தானே இப்போது இருக்கிறது.

நீயும் வந்து உட்காரு சுகி, சும்மா ஒரு சப்போர்ட்டுக்கு, என்று காலையில் மேனேஜர் ரகோத்தமன் சொன்னார். சப்போர்ட்டுக்கு. விழுகிற பந்தலுக்கு மூங்கில் முட்டுக் கொடுப்பது போல. அவர் கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், அவர் நிஜமாகவே அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், குழந்தை பெற்று வந்த பெண்ணுக்குப் பாரம் குறைக்கிறாராம். சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிகள் காலியாகத் திரும்பாமல் வழியிலேயே அடுத்த லோடைத் தேடிக் கொடுக்கும் மென்பொருள் அது. அதன் முதல் வரியை எழுதும்போது சுகிர்தா நினைத்துக்கொண்டது ராஜபாளையத்தில் லாரி ஓட்டிய அப்பாவை, நாக்பூர் வரை போய்விட்டுக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வருவது எப்படி இருக்கும் தெரியுமா, வண்டி துள்ளிக்கிட்டே வரும், தூக்கமே வராது, என்று அவர் சொன்னதை. மாளவிகாவுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும், அவள் அப்பா பேங்க்கில் இருந்தவர். ஆனால் மாளவிகா அந்தக் கணக்கை வேகமாக்கிவிட்டாள், அது உண்மை, சுகிர்தா விட்டுப் போன இடத்தில் ஒரு முடிச்சு இருந்தது, அதை அவிழ்த்துவிட்டாள், விடுப்பிலிருந்து திரும்பி வந்த முதல் நாள் திறந்து பார்த்தபோது தன் வீட்டில் யாரோ சாமான்களை இடம் மாற்றி வைத்திருப்பது போல இருந்தது, உப்பு டப்பா இருந்த இடத்தில் சர்க்கரை, தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது, அதைவிடக் கொடுமை, இப்படி வைத்திருப்பதுதான் வசதி என்று அவளுக்கே தெரிந்தது. என்ன சந்தேகம்னாலும் கேளுங்க சுகி என்றாள் மாளவிகா. தான் எழுதியதைப் பற்றித் தானே சந்தேகம் கேட்க வேண்டும். வயிறு ஒட்டிய, துப்பட்டா நனையாத, எட்டு மணி வரை உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு யோசிக்கிற மாளவிகா. குழந்தைக்கு வெள்ளிக் கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தவள். அதில்தான் இப்போது வெண்பாவுக்குக் கேழ்வரகுக் கூழ். அவளை வெறுப்பதற்கும் சரியாக ஒன்றும் அகப்படவில்லை. நீங்க கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன் என்கிறாள் தினமும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம், நான் பாத்துக்கறேன், வீட்டிலிருந்து கிளம்பும்போது பிள்ளையை வைத்திருக்கும் மதினி, புருஷனின் அக்கா, சொல்வதும் அதேதான், நான் பாத்துக்கிறேன் தாயி நீ போயிட்டு வா, இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி, எல்லாவற்றையும் எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள், அப்படியானால் இவள் எதைப் பார்க்க வேண்டும், பாட்டிலையா. பார்த்தாள். இல்லை. புனலின் ஓரத்தில் ஈரம் மட்டும்.

பிள்ளை முகத்தைப் பார்த்தால் வரும் என்றும் அந்த நர்ஸ் சொல்லியிருந்தாள். சுகிர்தா போனை எடுத்தாள். எடுத்துவிட்டு உடனே திறக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள், ஏனென்றால் திறந்தால் என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும். படுக்கையறை அலமாரிக்கு மேலே காமிரா, தொட்டிலைப் பார்த்தபடி. அவள் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம் புருஷன் கதிரேசன் வாங்கிவந்து மாட்டினான். அக்கா தப்பா எடுத்துக்குவாளோ என்று அவனுக்குத்தான் பயம், அவன் அக்கா முத்துப்பேச்சி தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை, நல்லதுதானப்பா, பெத்தவளுக்கு ஆபீஸ்ல இருந்தாலும் பிள்ளை மேலதான கண்ணு இருக்கும் என்றாள், முதல் நாள் காமிராவை அண்ணாந்து பார்த்து, சுகிர்தா, சாப்பிட்டியா என்று கேட்கவும் செய்தாள். ஒரு வாரத்தில் அது அங்கே இருப்பதையே மறந்துவிட்டாள். சுகிர்தா மறக்கவில்லை. மீட்டிங்குக்கு நடுவில், லிஃப்டில், கேன்டீன் வரிசையில் திறந்து திறந்து பார்ப்பாள், பிள்ளையைப் பார்க்கத்தான் என்று சொல்லிக்கொள்வாள், ஆனால் கண் தேடுவது வேறு, மதினி பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறாளா, டிவி பார்க்கிறாளா, அதட்டுகிறாளா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அதட்டினால் போதும். அதட்டுவதில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற வேலையில் இருந்தவள், பிள்ளை இல்லை என்று புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்ட பிறகு பன்னிரண்டு வருஷம் அந்தக் கடையில் நின்றவள், தம்பி கூப்பிட்டதும் விட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்த மடிக்கிற கை இன்னும் அப்படியே இருக்கிறது, வெண்பாவின் துணியெல்லாம் புதுச்சேலை மாதிரி விளிம்பு பிசகாமல் அடுக்கியிருக்கும். வெண்பா என்று பெயர் வைத்தது சுகிர்தா, வயிற்றில் இருக்கும்போதே வைத்துவிட்டாள், மதினிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, சிட்டு என்று கூப்பிடுகிறாள், போன ஞாயிற்றுக்கிழமை சுகிர்தா பாயில் உட்கார்ந்து வெண்பா, வெண்பா, இங்க பாரு என்று எத்தனை தடவை கூப்பிட்டும் பிள்ளை கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருந்தது, அடுப்படியிலிருந்து சிட்டு என்று ஒரு குரல் வந்ததும் தலை வெடுக்கென்று திரும்பியது. மதினி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, அடுப்படிக்குள் போய் ஏதோ பாத்திரத்தை உருட்டினாள், தான் அங்கே இல்லாததுபோலக் காட்டிக்கொள்வதற்கு. சாயங்காலம் இவள் கை கால் கழுவி வந்து கையை நீட்டினால் பிள்ளை ஒரு கணம் யோசிக்கும், மதினியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும், அம்மாட்ட போ சிட்டு, அம்மா வந்துருக்கால்ல, போ, என்று மதினி மெல்லப் பிரித்து எடுத்துக் கொடுப்பாள். கொடுப்பாள். அதுதான் தாங்க முடியாதது. ஒரு நாளாவது அவள் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பிடுங்கிவிடலாம், கொடுக்கிறவளிடம் எப்படிப் பிடுங்குவது.

போனைத் திறந்தாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, படம் வந்தது. ஆபீஸில் யாருக்கும் கேட்கக்கூடாது என்று சத்தத்தை எப்போதும் அடைத்தே வைத்திருப்பாள், அதனால் பிள்ளை சத்தமில்லாமல் அழுதது, வாய் மட்டும் பெரிதாகத் திறந்து, முகம் கறுத்துச் சிவந்து. மதினி தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சின்ன அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தாள். பாட்டிலை எடுத்து வாயில் வைத்தாள், பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டது, பாட்டில் கட்டிலில் விழுந்து உருண்டது, அது காலையில் சுகிர்தா பீய்ச்சி வைத்துவிட்டு வந்த பால். என் பால், வேண்டாமாம். மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளியது. தொட்டிலில் போட்டு ஆட்டினாள், எடுத்தாள், ஜன்னலுக்குக் கொண்டுபோய் எதையோ காட்டினாள், காக்காயாக இருக்கும், பிள்ளை மார்புச் சேலையைப் பற்றி இழுத்து அதிலே முகத்தைத் தேய்த்தது, இப்படியும் அப்படியும், பசியில் தேடுகிற தேய்ப்பு, அது சுகிர்தாவுக்குத் தெரியும், அது தன்னிடம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மதினி நின்றாள். கதவைப் பார்த்தாள். பிறகு அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காரப் போனவள் அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், காமிராவுக்கு நேரே, முந்தானையை இழுத்துப் பிள்ளையின் தலைக்கு மேல் விட்டாள், அதற்குள் கை ஏதோ செய்தது, பிள்ளையின் கால் உதைப்பது நின்றது. சுகிர்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தது, புரிந்தபின்னும் புரியாதது போலவே இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளையின் பாதம் ஒன்று சேலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு மெதுவாக மடங்கி விரிந்தது, மடங்கி விரிந்தது, பால் குடிக்கும்போது மட்டும் அது அப்படிச் செய்யும்.

காதில் ஏதோ அடைத்துக்கொண்டது. உஸ், டக் என்பது மட்டும் எங்கேயோ தூரத்தில். அங்கே என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லையே, நாற்பத்திரண்டு வயசு, ஒரு நாளும் ஊறாத மார்பு, என் பிள்ளை அதில் எதைக் குடிக்கிறது, எத்தனை நாளாக, இதனால்தான் சாயங்காலம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, இதனால்தான் அந்தக் கால் மடங்குகிறதா, நோய் ஏதும் வருமோ, கழுவினாளா, சே, கழுவினாளா என்றா இப்போது கேட்கத் தோன்றுகிறது, கதிரேசனுக்குப் போன் செய்து உன் அக்கா என்ன செய்கிறாள் பார் என்று சொல்ல வேண்டும், இன்றைக்கே பஸ் ஏற்றிவிட வேண்டும், ஏற்றிவிட்டால் நாளைக்கு யார் பார்ப்பது, நாளைக்கு நான்தான் பார்க்க வேண்டும், பார்த்தால் என்ன, நான்தானே பெற்றவள், ஆறு மாதம் இன்னும் விடுப்புக் கேட்டால் ரகோத்தமன் சந்தோஷமாகக் கொடுப்பார், இந்தப் பக்கம் இருக்கிறவள் பார்த்துக்கொள்வாள், எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள். மதினியின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அங்கே ஒரு வெற்றி இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கண்ணை இறுக மூடியிருந்தது அந்த முகம். வலிக்கிறது போல உதட்டைக் கடித்திருந்தது. திருடப் போன இடத்தில் ஒளிந்துகொண்டவள் யாராவது வருகிறார்களா என்று காது கொடுப்பது போலவும் இருந்தது, வெகு நாளாக யாருடைய பேச்சுக்கோ காத்திருந்தவளுக்கு அது கேட்டுவிட்டது போலவும் இருந்தது. கொல்ல வேண்டும் போல இருந்தது சுகிர்தாவுக்கு. அந்த இடத்தில் தான் உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் மார்புக்குள் அந்தக் கூச்சம், தோளிலிருந்து ஊசிகள் இறங்குவது போல, ஐயோ இப்போதா, வேண்டாம் என்று அவள் பல்லைக் கடிக்கக் கடிக்கப் பால் இறங்கியது. சொட்டாக இல்லை, கம்பியாக. ஒரு பக்கம், இரண்டு பக்கம், மெஷினின் சத்தம் கனத்தது, பாட்டிலின் அடி மறைந்தது. பிள்ளை சப்புவதைப் பார்த்துவிட்டது உடம்பு, யாரிடம் சப்புகிறது என்று பார்க்கவில்லை, அதற்குத் தெரியாது, அதற்கு மானம் ரோஷம் ஒன்றும் கிடையாது, அங்கே வறண்டு கிடக்கிற ஒருத்தியின் மடியில் பிள்ளை உறிஞ்ச உறிஞ்ச இங்கே இவளிடம் சுரக்கிறது, சுகிர்தா அவமானத்தில் அழுதாள், பால் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அழுதபடியே இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு மதினியின் எண்ணை அழுத்தினாள். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே.

"சொல்லு சுகிர்தா," என்று குரல் வந்துவிட்டது, ஆனால் திரையில் மதினி இன்னும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காமிராப் படம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். "என்ன தாயி, சாப்பிட்டியா?"

"பாப்பா என்ன செய்றா?"

இப்போது திரையில் மதினி திடுக்கிட்டு, ஒரு கையால் சேலையைச் சரிசெய்துகொண்டு, மறுகையால் போனைத் தடவி எடுப்பது தெரிந்தது. தூங்குறா என்று சொல்லட்டும், சுகிர்தா காத்திருந்தாள், பொய் சொல்லட்டும், சொன்னால் போதும், அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

"பாட்டில வாங்க மாட்டேங்குறா சுகிர்தா," என்றாள் மதினி. பிறகு மூச்சு மட்டும் கேட்டது. "ரொம்ப அழுதுட்டா. நான் ஒண்ணு செஞ்சுட்டேன். நீ வந்தப்பறம் மூஞ்சியப் பாத்து சொல்லணும்னு நாலஞ்சு நாளா நெனைக்கிறேன், வாய் வரல."

சுகிர்தா இயர்போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"வெறும் மாருதான் தாயி. அவளுக்கே தெரியுது, ஒண்ணும் இல்லேன்னு. ரெண்டு இழு இழுத்துட்டு என் மூஞ்சிய அண்ணாந்து பாக்குறா. ஆனாலும் விடமாட்டேங்குறா." குரல் உடைந்து, மறுபடி சேர்ந்துகொண்டது. "உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும். எனக்கு மட்டும் ஒரு பிள்ளை இருந்து, இன்னொருத்தி இப்பிடிச் செஞ்சா நான் விட்டுருப்பனா? வேணும்னா ஊருக்குப் போயிர்றேன். கோவமில்லாமச் சொல்லு, போயிர்றேன்."

போங்க என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது. சின்னச் சொல்தான். சுகிர்தா திரையைப் பார்த்தாள். பிள்ளையின் வாய் கழன்று, தலை மதினியின் முழங்கையில் பின்னால் சாய்ந்திருந்தது, வாயோரம் எச்சில் நூல், ஒரு கை மதினியின் தாலியில்லாத கழுத்தைப் பற்றியபடியே கிடந்தது.

"தூங்கிட்டாளா?" என்று கேட்டாள். தன் குரல் இவ்வளவு கரகரப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"தூங்கிட்டா."

"கீழ போட்றாதீங்க மதினி. போட்டா முழிச்சிருவா."

சொல்லிவிட்டுச் சுகிர்தா போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், குலுங்கியது பிள்ளைக்குத் தெரியாதபடி அந்தக் கையை மட்டும் அசையாமல் வைத்திருந்தாள், எப்படித்தான் முடிகிறதோ. பெரிய மனசு பண்ணிவிட்டோம் என்று தோன்ற வேண்டுமே, தோன்றவில்லை. எரிச்சல் போன இடத்தில் ஏதாவது குளிர்ச்சி வரும் என்பார்கள், எரிச்சல் போகவே இல்லை, நெஞ்சுக்குழியில் அப்படியே உட்கார்ந்திருந்தது, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது அவ்வளவுதான். நாளைக்கும் மதினி கொடுப்பாள். நாளைக்கும் இவள் பார்ப்பாள். மனசு ஆறாமலே ஒருத்தியைக் கூட வைத்துக்கொள்ளவும் முடியும் போல, இது யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. மெஷினை நிறுத்தினாள். பாட்டில் இரண்டும் நிறைந்திருந்தன, வேலைக்கு வரத் தொடங்கியதிலிருந்து இத்தனை வந்ததே இல்லை. இரண்டையும் பெரிய பாட்டிலில் ஊற்றிச் சேர்த்து மூடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"சுகி, நான்தான், மாளவிகா. எல்லாரும் வந்துட்டாங்க. உங்களுக்கு இன்னும் நேரமாகும்னா ஆரம்பிச்சுடவா? ஒண்ணும் பிரச்சினையில்ல, நான் பாத்துக்கறேன்."

இந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து எத்தனை நாள் சரி என்று சொல்லியிருக்கிறாள். சரி மாளவிகா, தேங்க்ஸ் மாளவிகா.

"ஆரம்பிக்காதே," என்றாள் சுகிர்தா. "வரேன். நான்தான் பேசப் போறேன்."

அவள் குர்தாவைச் சரிசெய்து, துப்பட்டாவை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போய்விட்டாளோ என்று நினைத்தபோது மாளவிகாவின் குரல் வந்தது, வழக்கமாக இருக்கிற வழவழப்பு இல்லாமல். "இல்ல சுகி, ரெண்டு நாளா உக்காந்து நான் இதை... ஏழு மாசமா நான்தானே..." நின்றது. "பரவாயில்ல. உங்களுதுதானே. நீங்களே பேசுங்க." அந்தக் குரல் சுகிர்தாவுக்குத் தெரியும். தன் தொண்டையில் தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நிற்கிற குரல் அது, ஒரு தடவைகூட வெளியே விட்டதில்லை, இப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது. இவளுமா, என்று நினைத்தாள். பாவம் என்று தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது. கொடுமையான, சின்னப் பிள்ளைத்தனமான, கால் கட்டைவிரல் வரைக்கும் இறங்கிய சந்தோஷம், நீயும் பட்டுப் பார் என்கிற மாதிரி, அதைக் கண்டு அவளுக்கே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

தாழைத் திறந்தாள். மாளவிகா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், கண் சிவந்திருந்தது, அல்லது வெளிச்சம் அப்படி. சுகிர்தா கையை நீட்டினாள். மாளவிகா லேப்டாப்பைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு கொடுத்தாள். கொடுக்கிறவளிடமிருந்து வாங்குவது ஒன்றும் அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"இதைக் கொஞ்சம் ஃப்ரிஜ்ல வெச்சுட்டு வந்துடறியா?" என்று பாட்டிலை நீட்டினாள். "பேன்ட்ரில, மேல் தட்டு. நீ வந்தப்பறம் ஆரம்பிக்கிறேன். நீ வேகமாக்கின பகுதி எனக்குச் சரியா சொல்ல வராது, அதை நீ சொல்லு."

மாளவிகா எதிர்பார்க்கவில்லை. பாட்டிலின் இளஞ்சூடு கையில் பட்டதும் ஒரு கணம் திகைத்து, மறு கையையும் கொண்டுவந்து அடியில் ஏந்திக்கொண்டாள். உள்ளே ஏதோ உயிர் இருப்பது போல. நடைபாதையில் எதிரே வந்த பையன்களுக்கு ஒதுங்கி, பாட்டிலைத் தன் பக்கமாக மறைத்துக்கொண்டு, சாயாமல் தளும்பாமல் அவள் மெல்ல மெல்ல நடந்து போவதை மீட்டிங் அறை வாசலில் நின்று சுகிர்தா பார்த்தாள். உள்ளே ரகோத்தமன் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. இத்தனை பத்திரமாகவா பிடிக்க வேண்டும், கொஞ்சம் அலட்சியமாகப் பிடித்தால்தான் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.